தாசம்மாக்காவின் புத்தகங்கள் பூஜைக்குப் போன வருஷம்

தாசம்மாக்காவைப் பற்றி எழுத எந்தப் பத்திரிகைக்காரரும் வரப்போவதில்லை. பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் ஏறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்க நடந்து போய் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் உட்காருகிற ஆயிரம் கிளார்க்குகளில் அவளும் ஒருத்தி. விருது வாங்கவில்லை, மேடை ஏறவில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். அவளிடம் நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. என் மாமியார் பட்டது அதைவிடப் பெரிது.

என் பெயர் ராஜஸ்ரீ. கிழக்கேகோட்டையில் அக்ரஹாரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் சுந்தரராமனுக்கு ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அது பொய்யும் அல்ல. கல்யாணமாகி நாலு வருஷம் வீட்டில் இருந்து சலித்துப்போய், சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி எல்.டி. கிளார்க் ஆகிவிடுவது என்று கிளம்பினேன். கேரளத்தில் பாதிப் பேர் அப்படிக் கிளம்பியவர்கள்தான்.

சாலை பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் கோச்சிங் கிளாஸ். எல்லாம் மலையாளத்தில் நடக்கும். சேர்ந்த வாரம், மொழிப் பகுதிக்கு மலையாளத்துக்குப் பதிலாகத் தமிழ் எடுப்பவர்கள் உண்டா என்று சார் கேட்டார். முதல் பெஞ்சிலிருந்து என் கை எழுந்தது. கடைசி பெஞ்சிலிருந்து இன்னொரு கை எழுந்தது. முழங்கை வரைக்கும் கறுத்த, உழைத்த கை. திரும்பிப் பார்த்தேன். நல்ல உயரம், மடியில் கனத்த துணிப்பை, பக்கத்தில் குடை. வகுப்பிலேயே வயதில் மூத்தவள் அவள்தான், தாசம்மாக்கா.

பையன்கள் அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் ஆன்ட்டி இல்ல மக்கா. உங்களைப்போல நானும் கேண்டிடேட்டாக்கும்."

அன்றிலிருந்து நாங்கள் ஜோடி. வகுப்பு முடிந்ததும் கம்பைன்ட் ஸ்டடி. அதாவது, ஒரே வேலைக்குப் போட்டி போடுகிறவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது. வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கும். எதிராளியைப் படிக்க வைக்கிற புத்திசாலித்தனம் எந்த ஊரில் உண்டு? ஆனால் இங்கே எல்லாரும் அப்படித்தான் படிக்கிறார்கள், ஏனென்று யாரும் கேட்பதில்லை.

இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். அவள் கணவர் தங்கையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர். மழைக்காலத்தில் வெட்டு இருக்காது. மகள் சுமி பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கஷ்டத்துக்காகத்தான் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக அவளுக்கு ஒரு ஆபீஸில் தற்காலிகமாக கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாதம்தான். சட்டப்படி அதற்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜன்னலோரம் மேஜை, பிரம்பு பின்னிய நாற்காலி. பென்ஷன் கேட்டு வரும் கிழவிகளின் விண்ணப்பத்தைப் பார்த்து, எந்தத் தாள் குறைகிறது என்று சொல்லி, ஒரே நடையில் காரியம் முடிகிற மாதிரி அனுப்பிவைப்பாளாம்.

"அங்க இருந்தப்போ எனக்கு என்னைப் பிடிச்சுது, கேட்டியா? அதுக்கு முன்ன அப்படித் தோணினதில்ல. கடைசி நாளு மத்தியானம் பாத்துக்க, அடுத்து வந்த பிள்ளை வாசல்ல நிக்குது, பாவம். நான் எழும்பினேன், என் இடத்துல அது இருந்துது. நாற்காலி ஒண்ணுதானே."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போக அவள் இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் லிஸ்டுக்கு வெளியே நின்றிருந்தாள். 2001-இல் எழுதப்போவது மூன்றாவது. வயது வரம்பு அதோடு முடிகிறது. தாண்டிவிட்டால் அப்புறம் எத்தனை படித்தாலும் விண்ணப்பமே போட முடியாது.

அந்த வருஷம் பரீட்சை வைத்த நாள்தான் எங்களைச் சோதித்தது. சனிக்கிழமை பரீட்சை. அதற்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை விஜயதசமி. அதாவது புதன்கிழமை சாயங்காலம் பூஜைவைப்பு.

தமிழ்நாட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் வைப்பது உண்டு. திருவனந்தபுரத்தில் அது இன்னும் கறார். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பட்டில் சுற்றி சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், தசமி காலை எடுக்கிற வரைக்கும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. என் மாமியார் சிவகாமியம்மாள் அதில் ஒரு படி மேல். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் பேப்பர் பிரிக்க மாட்டார்கள். காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுவார். என் கணவருடைய பாங்க் பாஸ்புக்கும் பூஜைக்குப் போகும். "பஸ்ஸில போர்டைப் பார்த்து ஏறலாமாம்மா?" என்று இவர் வருஷா வருஷம் கேட்பார். மாமியார் வருஷா வருஷம் முறைப்பார்.

எனக்குப் பரவாயில்லை, இன்னும் ஐந்தாறு வருஷம் வயது இருந்தது. தாசம்மாக்காவுக்கு வீட்டில் பூஜை கிடையாது. அவர்கள் சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவர்கள். "நீ எடுக்காண்டாம், நான் வாசிக்கேன், நீ கேட்டுக்க" என்று முன்பே ஏற்பாடு பண்ணியிருந்தோம். கோச்சிங் கிளாஸுக்கும் லீவு. அதனால் புதன் சாயங்காலம், வீட்டிலிருந்த புத்தகம் அத்தனையையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நான் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த தாசம்மாக்காவின் கால் முழுக்கச் சேறு. அவள் பையைக் கூடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் கால் கழுவப் போயிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தாசம்மாக்கா ஈரக்காலோடு நடையில் நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது.

பூஜையில் எங்கள் வீட்டுப் புத்தகங்களுக்கு மேலே அவளுடைய கைடுகள். அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் உச்சியில், கறுப்பு அட்டை போட்ட அவளுடைய பைபிள். அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

மாமியார் திரும்பினார். முகத்தில் அத்தனை பெருமை. "ஆத்துக்கு வந்தவா புஸ்தகத்தைக் கீழே வெப்பாளாடி? மேலே வெச்சிருக்கேன். வேதம்னு போட்டிருந்தது, அதை எல்லாத்துக்கும் மேலே வெச்சேன். அவா வேதம்னு தெரிஞ்சுதான் வெச்சேன்."

பிறத்தியார் பையைத் திறந்து, கேட்காமல் கொள்ளாமல், பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது மரியாதை செய்கிற மனுஷியை என்ன செய்வது? எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் தாசம்மாக்கா என் கையை அழுத்தினாள். "சந்தோஷம்மா" என்று மாமியாரிடம் சொன்னாள். சுண்டல் வாங்கிக்கொண்டு, காலிப் பையோடு ரயிலுக்கு நடந்தாள். நல்லவேளை, ஹால் டிக்கெட் அவள் பர்ஸில் இருந்தது.

வைத்ததை நடுவில் எடுப்பது என்பது அந்த வீட்டில் கேட்கக்கூட முடியாத காரியம். இவரிடம் அழுதேன். "சாரமில்லை, விடு. ரெண்டு நாள்தானே" என்றார். அவருக்குப் பரீட்சையா, வயதா? அன்று அவரோடும் பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் நவமி, ஊரே லீவு. காலை பாசஞ்சரில் தாசம்மாக்கா வந்து நின்றாள்.

"எதுக்கு வந்தேள்? புஸ்தகந்தான் இல்லையே" என்றேன்.

"வீட்டுல இருந்தா புத்தகத்தைத் தேடும். இங்க வந்தா அது எங்க இருக்குண்ணு தெரியுமில்லியா? வா, வாயால படிப்போம். வாய்க்குப் பூஜை இல்லியே."

அடுக்களைத் தரையில் உட்கார்ந்தோம். நைவேத்தியத்துக்கு அவள் தேங்காய் உடைத்துத் தந்தாள், நான் துருவினேன். ஒருத்தி கேள்வி கேட்பது, மற்றவள் பதில் சொல்வது. பதிலில் சந்தேகம் வந்தால் பார்க்கப் புத்தகம் கிடையாது. எழுதிக் கணக்குப் போடவும் கூடாது. நூற்றிருபது மீட்டர் நீள ரயில், மணிக்கு ஐம்பத்துநாலு கிலோமீட்டர் வேகம், ஒரு கம்பத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கண்ணை மூடி, விரலை மடக்கி, எட்டு செகண்ட் என்றாள். "நம்ம பாசஞ்சர் அந்த வேகத்துல போனா நான் ஒருநாளும் லேட்டாக மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் சண்டை வந்தது. கபனி, பவானி வரைக்கும் ஒத்துப்போனோம். மூன்றாவது சாலியாறு என்று நான் அடித்துச் சொன்னேன், பாம்பாறு என்று அவள் சாதித்தாள். கடற்கரை இல்லாத மாவட்டம் ஐந்து என்றேன் நான், நாலு என்றாள் அவள். கோட்டயத்துக்குக் கடல் உண்டா இல்லையா என்று குரல் உயர்ந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"நான் கோட்டயத்துப் பக்கம் வைக்கத்தஷ்டமி உற்சவத்துக்குப் போயிருக்கேனே. படகில போறச்சே ஒரு கை தண்ணி வாயில விட்டேன், உப்புக் கரிச்சுது. கடல்தான்."

அது கடலல்ல, காயல், உப்பங்கழி என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. "வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்று தீர்ப்பை ஒத்திவைத்தோம். மத்தியானத்துக்குள் அப்படி ஒத்திவைத்த வழக்குகள் ஏகப்பட்டவை சேர்ந்துவிட்டன. கோபத்தில் எனக்கு ஒவ்வொன்றும் ஆணி அடித்தாற்போல் மனதில் நின்றது. புத்தகம் கையில் இருந்தால் புரட்டிப் பார்த்து, ஓஹோ என்று சொல்லி, அடுத்த நிமிஷம் மறந்திருப்பேன்.

மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார். எங்கள் சண்டையைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார். "எதுக்குடிம்மா இத்தனை படபடப்பு? இந்தத் தடவை இல்லேன்னா அடுத்த தடவை."

தாசம்மாக்கா தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் சாதாரணமாகத்தான் சொன்னாள். "ராஜிக்கு உண்டும்மா. எனக்கு அடுத்த தடவை இல்ல. வயசு தீந்துபோச்சு."

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே போய்விட்டார். கொல்லையில் கிணற்று உருளை சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், காலையில் குளித்தவர் மறுபடியும் தலைக்குக் குளித்து, ஈர மடிப்புடவையோடு வந்து நின்றார்.

"நீ பின்னால வா, குழந்தே. உன் புஸ்தகத்தை எடுத்துத் தந்துடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பூஜையில் வைத்த ஒரு காகிதத்தைத் தசமிக்கு முன்னால் யாரும் தொட்டதில்லை.

"நான் பண்ணின தப்பு. ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும். சாமி கோச்சுண்டா என்னைக் கோச்சுக்கட்டும். உன் வேலை போகப்படாது." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

தாசம்மாக்கா எழுந்து அவர் அருகில் போனாள். மடியாக இருக்கிறவரைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

"வேண்டாம்மா, அங்க இருக்கட்டும். நான் மரியாதைக்குச் சொல்லலை, சத்தியமாக்கும். ரெண்டு தடவை பரீட்சை எழுதினேன். ரெண்டு தடவையும் கடைசி நாளு வரைக்கும் புத்தகத்தைப் புரட்டிட்டே இருந்தேன். புரட்டப் புரட்ட எனக்குத் தெரியாததுதான் கண்ணுல படும். பயந்து, தெரிஞ்சதும் மறந்துபோகும். இண்ணைக்குத்தான் எனக்கு இவ்வளவு தெரியுமாண்ணு எனக்கே தெரிஞ்சுது. இப்ப எடுத்துத் தந்தீங்கண்ணு வச்சுக்கிடுங்க, நான் படிக்கவா போறேன்? எனக்காக எடுத்தாங்களேண்ணு நினைச்சு நாளைக்கும் அழுவேன், பரீட்சையிலயும் அழுவேன்."

மாமியார் ஈரத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அப்போ நான் உள்ளே போய் உனக்காகப் பேசிக்கறேன்" என்று பூஜையறைக்குப் போனார். அன்று சாயங்காலம் வரை அவர் அங்கேதான் இருந்தார். இடையிடையே வந்து காபி மட்டும் கொடுத்தார். அவ்வளவு காபியை நான் வாழ்நாளில் குடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பூஜை எடுப்பு. மாமியார் முதலில் எடுத்தது தாசம்மாக்காவின் பைபிளை. எடுத்தவுடன் ஏதாவது வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை வாசித்தாள். மாமியார் கைகூப்பிக்கொண்டு கடைசி வரை நின்று கேட்டார். அட்டையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்க நான் துணி கொண்டுவந்தேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அப்புறம் நாங்கள் கைடுகளின் மேல் விழுந்தோம். பாம்பாறு அவளுக்கு, கோட்டயம் எனக்கு. ஒத்திவைத்த வழக்குகளில் அவள்தான் அதிகம் ஜெயித்தாள். கோட்டயத்தில் கடல் இல்லை என்பதை மாமியார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை கேள்வித்தாளைப் பிரித்தால், கடற்கரை இல்லாத மாவட்டங்கள் எத்தனை என்று இருந்தது. எனக்குப் பரீட்சை அறையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் முறைத்தார். இன்னொரு பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த தாசம்மாக்காவும் அந்த இடத்தில் சிரித்தாளாம்.

பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட் எங்கே அவ்வளவு சீக்கிரம் வருகிறது? ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்தக் காலம் முழுக்க என் மாமியார் பட்ட அவஸ்தையைச் சொல்லி முடியாது. தாசம்மாக்கா வீட்டுக்கு வந்தால் வேறு எல்லாம் பேசுவார். சுமியின் படிப்பு, தங்கையனின் இருமல், ரப்பர் விலை எல்லாம் விசாரிப்பார். பரீட்சையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவள் படியிறங்கியதும் என்னிடம் வருவார். "லிஸ்ட் வந்துதாடி? வராமலே இருக்குமா? என்னாலதான் அவளுக்குப் போயிடுத்துன்னு ஆயிடுமோ?" சில நாள் எனக்கு எரிச்சலாக இருக்கும், சில நாள் பாவமாக இருக்கும். அடுத்த நவராத்திரியில் பூஜைக்குப் புத்தகம் அடுக்கும்போது, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது யாருடையது, வைக்கலாமா என்று கேட்டுக் கேட்டு வைத்தார். இவருடைய பாஸ்புக் உட்பட.

லிஸ்ட் வந்தபோது தாசம்மாக்காவின் எண் மெயின் லிஸ்டிலேயே இருந்தது. என் எண் எதிலும் இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி வந்து மாமியாரிடம் அவள் பாஸானதைச் சொன்னேன். சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மாமியார் கேட்டது கேட்டபடி பூஜையறைக்கு ஓடினார்.

அடுத்த பரீட்சைக்கு தாசம்மாக்கா ஞாயிறு தவறாமல் வந்து என்னைக் கேள்வி கேட்டாள். கடைசி இரண்டு நாள் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, வாயால் மட்டும் சண்டை போட்டோம். நானும் கிளார்க் ஆனேன். இன்றைக்கும் என் சம்பளத்தில் ஒரு கவளம் அவள் போட்டது என்று நினைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அதற்கு முன்பே அவளுக்கு வேலை உத்தரவு வந்து, வஞ்சியூர்ப் பக்கம் ஒரு ஆபீஸில் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே மாமியார் பிடிவாதம் பிடித்தார். அவளை ஆபீஸில் பார்க்க வேண்டுமாம். அந்தப் பழைய நாற்காலிக் கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். கோயிலைத் தவிர வேறு எங்கும் தானாகப் புறப்படாத மனுஷி. ஆட்டோ பிடித்து அழைத்துப் போனேன். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

உள்ளே வரிசையாக மேஜைகள். மூன்றாவது மேஜையில் தாசம்மாக்கா இருந்தாள். எதிரே நின்ற கிழவருக்கு எந்தத் தாளில் எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறிக்கொண்டு எழுந்தாள்.

"அய்யோ, அம்மா எதுக்கு இந்தப் படியெல்லாம் ஏறி வந்தீங்க! இங்க இருங்க" என்று தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தாள்.

மாமியாருக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "எழுந்திருக்காதே! யார் வந்தாலும் நீ அதிலேர்ந்து எழுந்திருக்கப்படாது. உக்காரு. நீ உக்காந்திருக்கறதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்."

தாசம்மாக்கா உட்கார்ந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளாமலே கிழவரின் தாளை வாங்கி மீதியைச் சொல்லிக்கொடுத்தாள். மாமியார் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.